அறுபத்தோராவது கட்டம்

நம் பத்திரிகையில் அடுத்த வாரம் ஒரு புதிய தொடர்கதை ஆரம்பமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி கிடையாது, வில்லன் கிடையாது, மாமியார்கூடக் கிடையாது. முதல் பக்கத்தில் 8 என்ற இலக்கத்தில் தொடங்கி, கடைசி வரைக்கும் வெறும் இலக்கங்கள்தான். பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கம். இதழுக்கு நூறு பக்கம். சமையல் குறிப்புக்கும் ராசி பலனுக்கும்கூட இடமில்லை. இப்படி வாரம் தவறாமல் வெளியிட்டால், இரண்டரை வருஷத்துக்கு மேல் ஓடி, 137-வது வாரத்தில் 1 என்ற இலக்கத்தோடு 'முற்றும்' போடலாம்.

பயப்படாதீர்கள், ஆசிரியருக்கு அப்படி ஓர் உத்தேசமும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட எண் ஒன்று வாஸ்தவமாகவே இருக்கிறது. 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட அந்த ராட்சத எண்ணை 2024-ம் வருஷம் அக்டோபர் மாதம், அமெரிக்காவில் உள்ள லூக் டுராண்ட் என்பவர், பதினேழு நாடுகளில் இருந்த கம்ப்யூட்டர்களிடம் வேலை வாங்கிக் கண்டுபிடித்தார். அதுவரை மனிதர்கள் கண்டிருந்த பகா எண்களில் அதுதான் மிகப் பெரியது.

பகா எண் என்றால் என்ன? பன்னிரண்டு முறுக்கு இருந்தால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எத்தனை குழந்தைகளுக்கு வேண்டுமானாலும் சண்டையில்லாமல் பங்கிடலாம். பதின்மூன்று முறுக்கு மிஞ்சினால்? ஒருவரே சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பதின்மூன்று பேரைக் கூப்பிட வேண்டும். இடைப்பட்ட வழி இல்லை. அதனால் 13 பகா எண். நாலு கோடிக்கு மேல் இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். யாராலும் சமமாகப் பங்கு போட முடியாது.

'சரி, முடியாவிட்டால் போகட்டும். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?' என்கிறீர்களா? இதே கேள்வியை என்னிடம் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மாள் கேட்டாள். அவளுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரிந்தாக வேண்டியிருந்தது.

*

தீபாவளி மலர் வேலை எங்களுக்கு ஆனி மாதமே ஆரம்பித்துவிடும். பட்டுச் சேலை நெய்யும் வீடுகளைப் பற்றி எழுதுவதற்காகப் பிள்ளையார்பாளையம் போயிருந்தேன். தெருவில் நுழையும்போதே தறிச் சத்தம். நான் போன வீட்டில் அம்மா தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். கணவருக்குக் கண் பார்வை மங்கி, தறியை விட்டு இரண்டு வருஷமாகிறது. பக்கத்தில் பதினேழு வயதுப் பெண் கரைக்கான நாடாவைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருக்கிறதே, அதற்குக் 'கோர்வை' என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள். ஒவ்வோர் ஊடையும் கரை சேருமிடத்தில் கொக்கி போட்டாற்போல் பின்னிக்கொள்ள வேண்டும். ஒற்றை ஆளால் இதைச் சரியாகச் செய்ய முடியாது. கூட ஒருவர் உட்கார்ந்தே தீரவேண்டும்.

தறிக்கு மேலே தொங்கிய ஜகார்டு பெட்டியைக் காட்டி, "இதில் எத்தனை கொக்கி?" என்று கேட்டேன்.

"இருநூத்து நாப்பது அக்கா" என்றாள் பெண். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "240 ரொம்ப நல்ல எண் அக்கா. இருபது எண்ணாலே மீதியில்லாம வகுபடும். பூவை எப்படி வேணும்னாலும் பிரிச்சுப் போடலாம். ஆனா இந்தப் பக்கம் 239, அந்தப் பக்கம் 241, ரெண்டையும் எதாலேயும் வகுக்க முடியாது. இந்த மாதிரி ரெண்டு பேருக்கு நடுவிலே இது மாட்டிக்கிட்டிருக்கு!"

அம்மா தறியை நிறுத்தினாள். "இதாம்மா இவ வேலை. கை நாடாவைப் போடும், வாய் எதையாச்சும் எண்ணிக்கிட்டிருக்கும். பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டா. காலேஜிலே கணக்குப் பாடத்துக்கு இடம் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ளே பணம் கட்டணும். பணம்கூடப் பெரிசில்லே. இவ போயிட்டா கரை நாடா யார் போடறது? ஆள் வெச்சா என் கூலியிலே பாதி அவங்களுக்குப் போகும். படிச்சா வேலை கிடைக்கும்னாலும் சரி. எதுக்குடி படிக்கறேன்னு கேட்டா, பிரிக்க முடியாத நம்பரைப் பத்திப் படிக்கப் போறேங்கறா. நீங்களே சொல்லுங்க, பிரிக்க முடியாத நம்பராலே யாருக்கு என்ன பிரயோஜனம்?"

நானும் கல்லூரியில் கணிதம் படித்தவள்தான். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. ஆகவே பால் பாயசத்திலிருந்து ஆரம்பித்தேன்.

*

கேரளத்தில் அம்பலப்புழைக் கோயில் பால் பாயசத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஊர் ராஜாவோடு ஒரு வயோதிகர் சதுரங்கம் ஆட வந்தார். ஜெயித்தால் என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதற்கு, "அதிகமாக ஒன்றும் வேண்டாம். முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நான்கு, இப்படி இரட்டித்துக்கொண்டே அறுபத்துநாலு கட்டத்துக்கும் கொடுங்கள்" என்றார். ராஜா சிரித்தார். ஆட்டத்தில் தோற்ற பிறகு அளந்து பார்த்தபோதுதான், நாட்டிலுள்ள நெல்லெல்லாம் போதாது என்று தெரிந்தது. வந்தவர் கிருஷ்ணன்; கடனைத் தினமும் பாயசமாகத் தீர்த்துக்கொள் என்று அருள் செய்தார் என்பது கதை.

இனி, கதையில் ராஜா பார்க்காத ஒரு விஷயத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, அதுவரை சேர்ந்த அரிசியை மொத்தமாக எண்ணுங்கள். இரண்டு கட்டத்தில் 3. மூன்றில் 7. இரண்டும் பகா எண்கள். நாலு கட்டத்தில் 15. அது மூவைந்து, ஆகவே பகுபடும். ஐந்தில் 31, பகா எண். ஆறில் 63, பகுபடும். ஏழில் 127, பகா எண். கட்டங்களின் எண்ணிக்கையே பகுபடும் எண்ணானால், மொத்தமும் நிச்சயம் பகுபடும். ஆனால் கட்டங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. பதினோரு கட்டத்தில் 2,047 சேர்கிறது. பார்த்தால் பரம சாது. ஆனால் அது 23-ஐ 89-ஆல் பெருக்கி வந்தது.

ராஜாவின் அறுபத்துநாலு கட்டத்தில் இப்படிப் பகா எண் வருகிற இடங்கள் ஒன்பதே ஒன்பதுதான். கடைசி இடம் அறுபத்தோராவது கட்டம். அங்கே நிறுத்தினால் மொத்தம் 23,05,84,30,09,21,36,93,951 அரிசி. இதை ராஜா எத்தனை பேரைக் கூப்பிட்டுப் பங்கிட முயன்றாலும் ஒரு மணியாவது மிஞ்சும், அல்லது குறையும்.

மெர்சேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1644-ல் இத்தகைய எண்களுக்கு ஒரு ஜாபிதா போட்டார். இன்றைக்கும் அவர் பேரால்தான் இவற்றை அழைக்கிறார்கள். அந்த ஜாபிதாவில் 61 இல்லை, விட்டுப் போயிற்று. சுமார் 240 வருஷம் கழித்து, 1883-ல், ருஷ்யாவில் ஒரு கிராமத்துக் கோயில் பாதிரியார் பெர்வூஷின் என்பவர் கையாலேயே கணக்குப் போட்டு, அறுபத்தோராவது கட்டத்து எண் பகா எண்தான் என்று நிரூபித்தார். கம்ப்யூட்டர் ஏது அப்போது? காகிதமும் பேனாவும்தான்.

"எல்லா நம்பராலேயும் வகுத்துப் பார்த்தாரா?" என்று கேட்டாள் அம்மா.

அப்படிப் பார்ப்பதானால் சுமார் 151 கோடி வரைக்கும் வகுத்துப் பார்க்க வேண்டும். விநாடிக்கு ஒரு வகுத்தல் வீதம், ராத்திரி பகல் தூங்காமல் போட்டாலும் நாற்பத்தெட்டு வருஷம் ஆகும். அதற்கு வேறு வழி உண்டு. பட்டு அசல்தானா என்று தெரிந்துகொள்ள ஓர் இழையை உருவிக் கொளுத்தி மோந்து பார்க்கிறோம். மயிர் கருகிய வாசனை வந்தால் அசல். அதற்காகச் சேலை முழுவதையுமா கொளுத்துகிறோம்? எண்களுக்கும் அப்படி ஒரு குணம் உண்டு. இரட்டித்து வருகிற இந்த எண்களுக்கான சோதனையை 1870-களில் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். 1930-ல் அமெரிக்கரான லேமர் அதைச் செப்பனிட்டார். அந்த வழியில் அறுபத்தோராவது கட்டத்துக்கு ஐம்பத்தொன்பதே படிகள்தான்.

வழி மிகச் சுலபம். 4-ல் ஆரம்பியுங்கள். அதை அதனாலேயே பெருக்கி, 2-ஐக் கழியுங்கள். வந்ததைச் சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் அப்படியே செய்யுங்கள். கட்டங்களின் எண்ணிக்கையில் இரண்டு குறைவாக இத்தனை தடவை. கடைசியில் மீதி பூஜ்யமானால் பகா எண், இல்லாவிட்டால் இல்லை.

நான் சொல்லி முடிப்பதற்குள் பெண் ஒரு பழைய ஜகார்டு அட்டையை எடுத்து, அதன் பின்புறத்தில் ஏழு கட்டத்து 127-க்குப் போட ஆரம்பித்துவிட்டாள். 4, 14, 67, 42, 111... அடுத்தது பூஜ்யம்! அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏழைக்குப் புதையல் கிடைத்தாற்போல் இருந்தது.

அவள் எழுதிய அட்டைக்கும் இதில் பங்கு உண்டு. பிரான்ஸில் லியோன் என்ற பட்டு நகரத்தில் 1804-ல் ஜகார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளால் தறிக்குப் பூவேலை சொல்லிக்கொடுக்கும் யந்திரத்தைச் செய்தார். அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் என்பவர், கணக்குப் போடும் யந்திரத்துக்கும் அட்டையாலேயே உத்தரவு போடலாம் என்று யோசனை செய்தார். இன்றைக்கு நாலு கோடி இலக்கத்துக்குப் போகிற கம்ப்யூட்டருக்குப் பட்டுத் தறி ஒருவகையில் பாட்டி முறை.

*

காஞ்சிபுரத்துக்கும் எண்களுக்கும் இன்னோர் உறவும் உண்டு. ஈரோட்டில் 1887-ல் பிறந்த ஒரு குழந்தை, மூன்று வயது வரைக்கும் சரியாகப் பேசவில்லை. ஊமையோ என்று வீட்டார் கலங்கினார்கள். காஞ்சிபுரம் கோர்ட்டில் உத்தியோகமாயிருந்த தாத்தா வீட்டுக்குத் தாயார் அந்தக் குழந்தையை அழைத்து வந்தாள். தாத்தா அதன் கையைப் பிடித்து, பரப்பி வைத்த அரிசியில் அ, ஆ எழுத வைத்தார். குழந்தைக்குப் பேச்சும் வந்தது, எழுத்தும் வந்தது. அந்தக் குழந்தைதான் கணித மேதை ராமானுஜன்.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட எண் 1729. லண்டனில் நோயாகப் படுத்திருந்தபோது, பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த டாக்ஸியின் நம்பர் 1729, சுவாரஸ்யமில்லாத எண் என்றார். "இல்லை, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது" என்று படுக்கையிலிருந்தே ராமானுஜன் பதில் சொன்னது எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம், அந்த 1729 ஒரு வேஷதாரி. பகா எண்ணா என்று சட்டென்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. எந்த எண்ணைக் கொண்டு அந்தச் சோதனையை நடத்தினாலும் 1729 'நான் பகா எண்ணேதான்' என்று கூசாமல் தேறிவிடும். உண்மையில் அது 7, 13, 19 மூன்றையும் பெருக்கி வந்தது!

இந்த மாதிரி வேஷதாரிகளிடம் ஏமாறாமல், எந்த எண்ணானாலும், எவ்வளவு பெரியதானாலும், நியாயமான நேரத்துக்குள் உண்மையைச் சொல்லிவிடும் சோதனை ஒன்று உண்டா? உலகத்துப் பண்டிதர்கள் வெகுகாலம் தேடினார்கள். 2002 ஆகஸ்டில் பதில் நம் தேசத்திலிருந்து வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பட்டப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரு மாணவர்களும் அதைக் கண்டார்கள். அவர்கள் எழுதியது ஒன்பதே பக்கம். நடைமுறையில் இதைவிட வேகமான வழிகள் உண்டு. ஆனால் ஒருபோதும் ஏமாறாத, எல்லா எண்ணுக்கும் பொருந்துகிற வழி இருக்கிறதா என்ற சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

*

"எல்லாம் சரிம்மா, பிரயோஜனம்?" என்றாள் அம்மா. விடவில்லை!

அப்போதுதான் பெண்ணின் கைப்பேசி கிணுகிணுத்தது. போன சேலைக்கான கூலி வங்கிக் கணக்கில் வந்து விழுந்திருந்தது. எனக்குத் தெய்வமே உதவிக்கு வந்தாற்போலாயிற்று.

"இந்தப் பணம் வருகிற வழியில் யாரும் ஏன் பிடுங்கிக்கொள்ளவில்லை?" என்று கேட்டேன்.

மெர்சேன் ஜாபிதாவில் 67 என்று ஒரு தப்பு இருந்தது. அறுபத்தேழு கட்டத்து எண் பகா எண் இல்லை என்று 1876-லேயே லூக்காஸ் காட்டிவிட்டார். ஆனால் அது எவற்றைப் பெருக்கி வந்தது என்று அவருக்குத் தெரியாது. இழையைக் கொளுத்திப் பார்த்தால் பட்டு இல்லை என்று தெரியும். என்ன நூல் என்று தெரியாதல்லவா? இருபத்தேழு வருஷம் கழித்து, 1903-ல் அமெரிக்காவில் கோல் என்ற பேராசிரியர் ஒரு கணிதக் கூட்டத்தில் எழுந்து, வாய் திறக்காமல் கரும்பலகையில் 19,37,07,721 என்ற எண்ணை 7,61,83,82,57,287 என்ற எண்ணால் பெருக்கிக் காட்டிவிட்டு, பேசாமல் போய் உட்கார்ந்தாராம். விடை, அந்த அறுபத்தேழு கட்டத்து எண்! சபை கைதட்டியது. கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, "மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம்.

பார்த்தீர்களா? பெருக்குவதற்குச் சில நிமிஷம். பிரிப்பதற்கு மூன்று வருஷம். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர், இந்த வித்தியாசத்தையே பூட்டாக்கிவிட்டார்கள். இரண்டு பெரிய பகா எண்களை ரகசியமாக வைத்துக்கொள். பெருக்கி வந்ததை மட்டும் ஊருக்கெல்லாம் சொல். அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் பூட்டலாம். திறப்பதற்கு இரண்டு எண்களும் வேண்டும். சவாலாக 129 இலக்க எண் ஒன்றையும் வெளியிட்டார்கள். அதைப் பிரிக்க, உலகமெங்கும் நூற்றுக்கணக்கானவர்கள் கம்ப்யூட்டரும் கையுமாகச் சேர்ந்து, 1994-ல்தான் முடிந்தது. இப்போது பரவலாக உள்ள பூட்டில் 617 இலக்கம். வங்கிக்கும் நமக்கும் நடுவிலுள்ள காவல்களில் இதுவும் ஒன்று. (சாவியைத் தொலைபேசியில் கேட்கிறவனிடம் நாமே சொல்லிவிட்டால் பகா எண் என்ன செய்யும், பாவம்!)

அந்தப் பூட்டுக்கு முந்நூறு இலக்கப் பகா எண்கள் வேண்டுமே, கிடைக்குமா? எந்த எண்ணை எடுத்து இரட்டித்தாலும் நடுவில் ஒரு பகா எண்ணாவது இருந்தே தீரும். இதை ருஷ்யாவில் செபிஷேவ் முதலில் நிரூபித்தார். ராமானுஜன் 1919-ல் அதற்கு மிகச் சுருக்கமான வழியொன்று காட்டினார். ஆகவே பஞ்சம் வராது. ஓர் எண்ணை எடுத்து, சோதனை செய்து, தேறாவிட்டால் அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான். மனிதன் இருநூறு முந்நூறு வருஷமாகக் கேட்டுவந்த 'வகுத்துப் பார்க்காமலே எப்படித் தெரிந்துகொள்வது?' என்ற கேள்விக்கு இப்போது ஒரு விநாடிக்குப் பல தடவை வேலை வருகிறது.

அந்த நாலு கோடி இலக்க எண்ணால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால், இன்றைக்கு ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. ஊரறிந்த எண்ணைப் பூட்டுக்கு வைப்பார்களா? ஆனால் ராமானுஜனின் குருவான ஹார்டியும் 1940-ல், தமது கணிதத்தால் உலகுக்கு எந்தப் பிரயோஜனமும் விளைந்ததில்லை என்று எழுதினார். அதில் அவருக்கு ஒரு திருப்திகூட உண்டு. அவர் 1947-ல் காலமானார். முப்பது வருஷத்தில் அவருடைய சாஸ்திரம் பூட்டும் சாவியுமாயிற்று. எந்தக் கேள்வி எந்தக் காலத்தில் யார் வீட்டுக் கூலியைக் காக்கும் என்று, கேட்கிறபோது தெரிவதில்லை. தெரிந்தால்தான் கேட்கலாம் என்று சட்டம் போட்டால், கேட்கிறவர்களே இல்லாமல் போய்விடுவார்கள். அதுவும் முக்கியமாகப் பெண் குழந்தைகளிடம்தான் 'இதனால் என்ன பிரயோஜனம்?' என்று நாம் முந்திக்கொண்டு கேட்கிறோம்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. "நாடாவைப் போடு" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டுத் தறியில் குனிந்துகொண்டாள். நானும் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில், மலருக்காகப் படம் எடுப்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டேன். அம்மாதான் எடுத்தாள். படத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, "பணம் கட்டியாச்சும்மா" என்றாள்.

"தறிக்கு ஆள்?"

"ஆள் வெக்கலே. கோர்வை இல்லாத பாவா ஒண்ணு கேட்டு வாங்கியிருக்கேன். ஒத்தையா உக்காந்தே நெய்யலாம். கூலி கொறச்சல்தான்." சற்று நேரம் தறிச் சத்தம்கூட இல்லை. பிறகு சிரிப்பது கேட்டது. "மூணு வருஷம்தானேம்மா? நீங்க சொன்னீங்களே, அந்த மாதிரி நாப்பத்தெட்டு வருஷம் இல்லியே!"